பெருங்கப்பல்களுக்கு நடுவே சிறு படகு: வாசகர் கேள்வி – பதில்

சொந்தப் படகில் நாடு விட்டு நாடு செல்ல ஆயத்தமாகும் வாசகர்களின் கடிதங்களில் புயலைப் பற்றியோ பேரலையைப் பற்றியோ கேட்டவை குறைவு. சரக்குக் கப்பல்கள் வரிசையாக ஓடும் நீரிணைகளை எப்படிக் கடப்பது என்பதே பெரும்பாலோரின் கவலையாக இருக்கிறது. அது நியாயமான கவலை. ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களைச் சேர்த்து, கேள்விகளைச் சுருக்கி, பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்களுடையது 10 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு. இயந்திரக் கப்பல்கள் பாய்மரப் படகுக்கு வழி விட வேண்டும் என்று விதி இருக்கும்போது, கப்பல் பாதையில் நாங்கள் ஏன் ஒதுங்க வேண்டும்?

நீங்கள் சொல்லும் விதி உண்மையில் இருக்கிறது. 1972-இல் உருவாகி, 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் உள்ள சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் அது 18-ஆவது. ஆனால் அந்த விதி தொடங்கும்போதே, 9, 10, 13 ஆகிய விதிகள் வேறு விதமாகக் கோராத இடங்களில் மட்டுமே தான் பொருந்தும் என்று தனக்கு ஒரு வரம்பை வைத்துக்கொள்கிறது. இவற்றுள் 9 குறுகலான நீர்வழிகளைப் பற்றியது. 10 கப்பல் போக்குவரத்துப் பிரிப்புமுறைகளைப் பற்றியது. 13 முந்திச் செல்வதைப் பற்றியது. 20 மீட்டருக்குக் குறைவான எந்தக் கலமும், எந்த நீளமுள்ள பாய்மரக் கலமும், தடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரக் கப்பலின் பாதுகாப்பான பயணத்துக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று 10-ஆவது விதி தெளிவாகக் கூறுகிறது. உங்கள் படகு இந்த இரண்டு காரணங்களாலும் அதற்குக் கட்டுப்பட்டது.

'தடையாக இருக்கக் கூடாது' என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மோதும் அபாயம் என்ற நிலையே உருவாகாதபடி, கப்பலுக்குப் போதிய கடல்வெளியை முன்கூட்டியே விட்டுவிட வேண்டும் என்பதே அதன் பொருள். அதையும் மீறி அபாயம் உருவாகிவிட்டால், கப்பலுக்குரிய கடமைகள் மறைந்துவிடுவதில்லை; வழி விட வேண்டிய நிலையில் அது இருந்தால் அப்போதும் விட்டே ஆக வேண்டும். ஆனால் பேச்சு அந்த இடத்துக்கு வந்துவிட்டது என்றாலே சிறு படகு தன் வேலையைச் செய்யத் தவறிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

சட்டத்தை ஒரு கணம் ஒதுக்கிவிட்டு, கப்பலால் என்ன முடியும் என்பதைப் பாருங்கள். முழு வேகத்தில் ஓடும் கப்பல், இயந்திரத்தை முழுமையாகப் பின்னோக்கிச் சுழற்றினால், தன் நீளத்தைப் போல் 15 மடங்கு தூரத்துக்குள் நிற்க வேண்டும் என்பது சர்வதேச கடல்சார் அமைப்பின் அளவுகோல். 300 மீட்டர் கப்பலுக்கு அது 4.5 கிலோமீட்டர். கப்பலைச் செலுத்துபவர் நிற்கும் இடமான பிரிட்ஜ் பெரும்பாலான கப்பல்களில் பின்பகுதியில் இருப்பதால், முன்முனைக்கு அப்பால் உள்ள நீர்ப்பரப்பில் ஒரு பகுதி அவர் கண்ணுக்குத் தெரியாது. அந்த மறைவு, கப்பலின் நீளத்தைப் போல் இரு மடங்கு அல்லது 500 மீட்டர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆக, விதிப்படி கட்டப்பட்ட கப்பலுக்கும்கூட முன்னால் அரை கிலோமீட்டர் வரை கண்ணுக்கு எட்டாத நீர் இருக்கலாம். அதற்குள் ஒரு படகு வந்துவிட்டால், அதைக் காப்பாற்ற பிரிட்ஜில் இருப்பவர் எவ்வளவு விரும்பினாலும் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பாய் விரித்திருக்கும்போதே இயந்திரத்தையும் ஓட்டினால், விதிகளின் பார்வையில் நீங்கள் பாய்மரப் படகு அல்லர், இயந்திரப் படகு. பகலில் அதை அறிவிக்க, கூர்முனை கீழ்நோக்கிய கருங்கூம்பை முன்பகுதியில் உயர்த்த வேண்டும் (சர்வதேச விதிகளில் சிறு படகுக்கும் இதில் விலக்கு இல்லை). காற்று குறைந்த நாளில் கடப்பவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அப்போது 18-ஆவது விதியை நம்பி நிற்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

கேள்வி: பிரிப்புமுறை என்கிறீர்களே, அது எப்படி இருக்கும்? கடலில் எல்லை தெரியுமா?

எல்லை கடல் வரைபடத்தில்தான் தெரியும். சில இடங்களில் மிதவைகள் இருக்கலாம். பெரும்பாலான இடங்களில் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒன்று போலவே இருக்கும். எதிரெதிர்த் திசைகளில் செல்லும் கப்பல்களுக்கு வரைபடத்தில் தனித்தனித் தடங்கள் வகுத்து, நடுவே ஒரு பிரிப்பு மண்டலத்தையும் விட்டிருப்பார்கள். கரைக்கும் தடத்துக்கும் இடைப்பட்ட பகுதி கரையோரப் போக்குவரத்து மண்டலம். 20 மீட்டருக்குக் குறைவான படகுகளும் பாய்மரக் கலங்களும் அதைப் பயன்படுத்த அனுமதி உண்டு. கடந்தே ஆக வேண்டிய தேவை இல்லையென்றால் உங்கள் இடம் அதுதான்.

இந்த ஏற்பாடு எவ்வளவு விலை கொடுத்து உருவானது என்பதை டோவர் நீரிணையின் வரலாறு காட்டுகிறது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே, மிகக் குறுகிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர் அகலமே உள்ள அந்த நீரிணையில் 1967-இல் பிரிப்புமுறை வந்தது. ஆனால் அதன்படி நடப்பது கட்டாயமாக இல்லை. 1971 ஜனவரி 11 அன்று 'டெக்சாகோ கரீபியன்' என்ற எண்ணெய்க் கப்பல் 'பராக்காஸ்' என்ற சரக்குக் கப்பலுடன் மோதி மூழ்கியது. மறுநாள் அந்தச் சிதைவின் மீது 'பிராண்டன்பர்க்' மோதி மூழ்கியது. பிப்ரவரி இறுதியில், எச்சரிக்கை அடையாளங்கள் வைக்கப்பட்டிருந்தும், 'நிகி' அதே இடத்தில் போய் மோதி அதில் இருந்த அனைவருடனும் மூழ்கியது. ஏழு வாரங்களுக்குள் 51 பேர் இறந்தார்கள். பிரிப்புமுறைகளைப் பின்பற்றுவதை 1972-ஆம் ஆண்டின் விதிகள் கட்டாயமாக்கியதற்குப் பின்னால் இப்படிப்பட்ட இழப்புகள் இருக்கின்றன. நாளொன்றுக்கு 400-க்கும் மேற்பட்ட கப்பல்கள் செல்லும் அதே நீரிணையைச் சிறு படகுகள் இன்று ஆண்டு முழுவதும் கடக்க முடிகிறது என்றால், அந்த ஒழுங்கே காரணம்.

கேள்வி: தடத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. வரைபடத்தில் என் பாதை சாய்வாகப் பதிவாகிறது. அது தவறா?

தவறில்லை. விதி கேட்பது படகின் முகம் நோக்கும் திசையை. கடலடித் தரையை ஒட்டி நீங்கள் உண்மையில் நகரும் பாதையை அன்று. தடத்தின் போக்குக்கு இயன்றவரை செங்கோணத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, நீரோட்டம் தள்ளுவதை அப்படியே விட்டுவிட வேண்டும்.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தடத்தின் அகலம் 5 கடல் மைல், உங்கள் வேகம் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்), நீரோட்டம் தடத்தை ஒட்டி 3 நாட் என்று வைத்துக்கொள்வோம். முகத்தைச் செங்குத்தாக வைத்தால் சரியாக ஒரு மணி நேரத்தில் மறுபக்கம் சேர்வீர்கள். பக்கவாட்டில் 3 கடல் மைல் விலகியிருப்பீர்கள். வரைபடத்தில் நேர்க்கோடு வர வேண்டும் என்று நீரோட்டத்தை எதிர்த்து முகத்தைச் சாய்த்தால், குறுக்கே செல்லும் வேகம் 4 நாட்டாகக் குறைந்து 75 நிமிடம் ஆகும். கப்பல்களுக்கு நடுவே கூடுதலாகக் கால் மணி நேரம் இருப்பீர்கள் என்பதோடு, உங்கள் படகு சாய்வான கோணத்தில் தெரிவதால், நீங்கள் கடக்கிறீர்களா, தடத்தில் சேரப் பார்க்கிறீர்களா என்று தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு உறுதியாகத் தெரியாது. செங்குத்தாக நிற்கும் படகின் எண்ணம் ஒரே பார்வையில் விளங்கிவிடும். இந்த விதியின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கப்பலின் அதிகாரி உங்களைப் பற்றி ஊகிக்க வேண்டிய நிலையே வரக் கூடாது.

ஆகவே நீரோட்டத்துக்கான கணக்கைத் தடத்துக்குள் போடாமல், கரையிலிருந்து புறப்படும்போதே போட்டுக்கொள்ளுங்கள். விலகப்போகும் தூரத்தை முன்கூட்டியே எதிர்ப்பக்கமாகச் சென்று ஈடுகட்டிவிட்டுத் தடத்தின் விளிம்பை அடைந்தால், உள்ளே இருக்கும்போது திசையைப் பற்றிய கவலை இராது. தானியங்கிச் சுக்கானை ஓரிடத்தை நோக்கிச் செல்லும் முறையில் விட்டிருந்தால், அது உங்களைக் கேட்காமலே நீரோட்டத்தை எதிர்த்து முகத்தைச் சாய்க்கும்; தடத்துக்குள் நுழையும் முன் அதைத் திசைகாட்டிப்படி செல்லும் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கப்பல்கள் தத்தம் வலப்பக்கத் தடத்தில் செல்வதால், எந்தக் கரையிலிருந்து புறப்பட்டாலும் முதல் தடத்தில் கப்பல்கள் உங்கள் இடப்புறத்திலிருந்தும் இரண்டாம் தடத்தில் வலப்புறத்திலிருந்தும் வரும். நடுவே உள்ள பிரிப்பு மண்டலத்தில், கடக்கும் கலம் என்ற முறையில், மறுபக்கத்து வரிசையை அளந்து பார்க்க உங்களுக்குச் சிறிது நேரம் கிடைக்கும். முதல் பாதி நன்றாகப் போய்விட்டது என்ற நிம்மதியில் இடப்புறமே பார்த்துக்கொண்டு இரண்டாம் தடத்தில் நுழைபவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது பாதியில், பொதுவான விதிப்படியே வழி விட வேண்டியவர் இயந்திரத்தில் செல்லும் நீங்கள்தான்.

கேள்வி: தொலைவில் தெரியும் கப்பல் என் மீது மோதும் பாதையில் வருகிறதா, விலகிப் போகிறதா என்பதைக் கண்ணால் அறிய முடியுமா?

முடியும். கைத் திசைகாட்டியால் கப்பலின் திசைக்கோணத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். கோணம் மாறாமல் கப்பல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் உறுதி. கோணம் உங்கள் முன்முனை நோக்கி நகர்ந்தால் கப்பல் உங்களுக்கு முன்னாலும், பின்பக்கம் நோக்கி நகர்ந்தால் உங்களுக்குப் பின்னாலும் செல்லும். திசைகாட்டி கைவசம் இல்லாதபோது, படகின் கம்பிக்கு நேராகக் கப்பலை வைத்துப் பார்ப்பது ஓரளவு உதவும். ஆனால் படகின் முகம் அலையில் ஆடினால் அந்தக் கணிப்பு பொய்த்துவிடும்.

இதில் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. மிகப் பெரிய கப்பல் அருகில் இருக்கும்போது, அதன் முன்முனையின் கோணம் நன்றாக மாறிக்கொண்டிருந்தாலும் நடுப்பகுதியோ பின்பகுதியோ உங்கள் மீது வந்துகொண்டிருக்கலாம். இழுவைக் கப்பலும் அப்படியே. அதற்குப் பின்னால் தடித்த இரும்புவடம் நீரில் பாதி மூழ்கியபடி நூற்றுக்கணக்கான மீட்டர் நீண்டு, அதன் முடிவில் விளக்கு மங்கிய பார்ஜ் (இழுத்துச் செல்லப்படும் தட்டையான சரக்குக் கலம்) ஒன்று வரும். இழுக்கப்படுவது 200 மீட்டருக்கும் மேல் நீண்டிருந்தால், இழுவைக் கப்பல் இரவில் மூன்று வெள்ளை விளக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகவும் பகலில் சாய்சதுர வடிவத்தையும் காட்டும். அவை இரண்டுக்கும் நடுவே புகுவதை எந்தச் சூழ்நிலையிலும் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

எவ்வளவு நேரம் கிடைக்கும் என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், தொடுவானம் சுமார் 3 கடல் மைல் தொலைவில்தான் இருக்கிறது. கப்பலின் மேற்பகுதி அதற்கு அப்பாலிருந்தே தெரியும் என்றாலும், 20 நாட் வேகத்தில் வரும் கப்பலும் 5 நாட் வேகத்தில் செல்லும் படகும் நேருக்கு நேர் வந்தால், 5 கடல் மைல் இடைவெளி 12 நிமிடத்தில் முடிந்துவிடும். தேநீர் போடக் கீழே இறங்கி ஏறும் நேரம் அது.

விலகுவது என்று முடிவெடுத்தால் ஒரே தடவையில், பெரிதாக, சீக்கிரமாக விலகுங்கள். ஐந்து பாகை, ஐந்து பாகையாகச் சிறிது சிறிதாகத் திரும்பினால் கப்பலில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. விதியும் அதைக் கண்டிக்கிறது. கப்பலின் பின்பக்கத்தை நோக்கி முகத்தைத் திருப்பிவிட்டால் உங்கள் எண்ணம் ஐயமின்றிப் புரியும்.

கேள்வி: ஏஐஎஸ் கருவி பொருத்தியிருக்கிறேன். கப்பல்களின் திரையில் என் படகு தெரியும்தானே? ராடார் பிரதிபலிப்பானும் தேவையா?

தேவை. கலத்தின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வானொலி அலையில் தானாகவே அறிவிக்கும் ஏஐஎஸ் வந்த பிறகு சிறு படகுகளின் பயணம் பெரிதும் பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை; கப்பலின் பெயர், வேகம், மிக அருகில் கடக்கப்போகும் தூரம், அதற்கு எஞ்சியிருக்கும் நேரம் எல்லாம் திரையில் வந்துவிடுகின்றன. ஆனால் உங்களுக்கு அவர்கள் தெரிவதும் அவர்களுக்கு நீங்கள் தெரிவதும் சமமல்ல. பெரிய கப்பல்களில் உள்ள 'ஏ' வகைக் கருவி 12.5 வாட் திறனில், ஓடும்போது 2 முதல் 10 நொடிக்கு ஒரு முறை தகவல் அனுப்புகிறது. படகுகளில் பரவலாக உள்ள 'பி' வகைக் கருவியின் திறன் 2 வாட். அது 30 நொடிக்கு ஒரு முறையும், வேகம் 2 நாட்டுக்குக் கீழே போனால் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறையும்தான் அனுப்பும். அலைவரிசையில் நெரிசல் இருந்தால் இந்த வகைக் கருவி இடம் கிடைக்கும் வரை காத்திருக்கும். நெரிசல் மிகுந்த நீரிணையில்தான் அது உங்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். திரையில் புள்ளிகள் குவியும்போது, சிறு படகுகளின் குறிகளைக் கப்பல் அதிகாரி மறைத்து வைத்திருக்கவும் கூடும். எதிர்ப்பக்கத்தில், ஏஐஎஸ் இல்லாத மீன்பிடிப் படகுகளும், அதை அணைத்துவிட்டுச் செல்லும் போர்க்கப்பல்களும் உங்கள் திரையில் தோன்றவே தோன்றா.

2006 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வைட் தீவுக்குத் தெற்கே, 'ஊசோ' என்ற 25 அடிப் பாய்மரப் படகிலிருந்த மூவரும் இறந்த நிகழ்வை இந்தப் பேச்சில் தவிர்க்க முடியாது. இரவில் ஒரு பெரிய பயணிகள் கப்பல் அவர்களை மிக அருகில் கடந்தது. மோதியதா, அதன் அலையில் படகு மூழ்கியதா என்பதை விசாரணையாலும் உறுதிசெய்ய முடியவில்லை. கப்பலின் ராடாரில் படகு கண்டுகொள்ளப்படவில்லை. படகின் விளக்கை வெகு நேரம் கழித்தே கண்டார்கள். அதைத் தொடர்ந்து, சந்தையில் கிடைத்த ராடார் பிரதிபலிப்பான்கள் சோதிக்கப்பட்டன. பலரும் விரும்பி வாங்கிய, கைக்கு அடக்கமான மெல்லிய குழாய் வகை ஏறக்குறைய பயனற்றது என்று தெரியவந்தது. மேலும், படகு காற்றில் சாயும்போது பல வகைகளின் திறன் வெகுவாகக் குறைந்தது.

ஆகவே வாங்கும்போது, சாய்ந்த நிலையில் அது எவ்வளவு பிரதிபலிக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். கையில் பணம் இருந்தால், வரும் ராடார் அலையைப் பெருக்கித் திருப்பி அனுப்பும் மின்கருவியே மேல். அதிலும் கப்பல்கள் பயன்படுத்தும் 3 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர் ஆகிய இரண்டு அலைவரிசைகளுக்கும் மறுமொழி தரும் வகையைத் தேர்ந்தெடுங்கள். விலை குறைந்தவை பெரும்பாலும் முதலாவதற்கு மட்டுமே பதில் தருகின்றன.

கேள்வி: ஐயம் வந்தால் விஹெச்எஃப் வானொலியில் கப்பலைக் கூப்பிட்டுப் பேசிவிடலாமா?

கூப்பிடலாம், ஆனால் முதலில் செய்ய வேண்டியது அதுவன்று. சுக்கானைத் திருப்பிச் சரிசெய்ய முடியும் என்றால் திருப்பிவிடுங்கள். வானொலியில் பேசிக் கழிக்கும் இரண்டு நிமிடத்தில் கப்பல் முக்கால் கடல் மைல் வரை நெருங்கிவிடக் கூடும். தவறான கப்பல் பதில் சொல்வது, மொழி சரியாகப் புரியாமல் இருவரும் வெவ்வேறாக விளங்கிக்கொள்வது, விதிக்கு மாறான உடன்பாட்டுக்கு வருவது ஆகிய காரணங்களால், மோதலைத் தவிர்க்க வானொலியை நம்ப வேண்டாம் என்று பிரிட்டனின் கடலோரக் காவல் அமைப்பு மாலுமிகளைத் தொடர்ந்து எச்சரித்து வருகிறது.

பேசித்தான் ஆக வேண்டும் என்றால், ஏஐஎஸ் திரையில் உள்ள பெயரைச் சொல்லி 16-ஆம் சேனலில் அழையுங்கள். 'என் இடப்புறம் வரும் பெரிய கப்பல்' என்று அழைத்தால் அந்தப் பகுதியில் உள்ள அத்தனை பெரிய கப்பல்களும் குழம்பும். நீங்கள் செய்துகொண்டிருப்பதைச் சொல்லுங்கள்: பாய்மரப் படகு, உங்கள் முன்முனைக்கு வலப்புறம் 3 கடல் மைலில் இருக்கிறேன், உங்கள் பின்பக்கமாகக் கடக்கிறேன். அவ்வளவு போதும். நீரிணையைக் கண்காணிக்கும் போக்குவரத்து நிலையத்தின் சேனலைக் கேட்டுக்கொண்டே செல்வதும் மிகவும் பயன் தரும். எந்தக் கப்பல் எங்கே திரும்பப் போகிறது என்பது அதில்தான் முன்கூட்டியே தெரியவரும்.

கேள்வி: இரவில் கடப்பதில் கூடுதல் ஆபத்து உண்டா?

தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் பகலில் கடந்துவிடுங்கள். 12 மீட்டருக்குக் குறைவான படகின் சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகள் குறைந்தது 1 கடல் மைல் தொலைவு தெரிந்தால் போதும் என்பதே விதியின் கோரிக்கை. 20 நாட் கப்பல் அந்த ஒரு மைலை மூன்று நிமிடத்தில் கடந்துவிடும். விதிப்படி சரியான விளக்கு வைத்திருப்பதும் உரிய நேரத்தில் கப்பலுக்குத் தெரிவதும் வேறு வேறு என்பதை இந்தக் கணக்கைக் காட்டிலும் தெளிவாக விளக்க என்னால் முடியாது.

பாயில் செல்லும்போது பாய்மரத்தின் உச்சியில் உள்ள மூவண்ண விளக்கையும், இயந்திரத்தில் செல்லும்போது அதை அணைத்துவிட்டுக் கீழே உள்ள பக்க விளக்குகளையும் முன்நோக்கிய வெள்ளை விளக்கையும் பின்பக்க வெள்ளை விளக்கையும் போட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடுபவர்கள் நிறைய. பார்ப்பவருக்கு அது என்ன கலம் என்றே புரியாது. ஐயம் வந்தால் வலிமையான கைவிளக்கைப் பாயின் மீது அடித்துக் காட்டுங்கள், கப்பலின் பிரிட்ஜ் மீது அடிக்காதீர்கள். இருளுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசிவிட்டால் மீண்டும் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். சிங்கப்பூர் நீரிணையில் தடத்தைக் குறுக்கே கடக்கும் பெரிய கப்பல்கள் மூன்று பச்சை விளக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் வழக்கம் உண்டு. அங்கே செல்பவர்கள் அந்த அடையாளத்தை முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: மூடுபனி சூழ்ந்தால்?

புறப்படாதீர்கள். நடுவழியில் சூழ்ந்துவிட்டால், ஒருவரையொருவர் பார்க்க முடியாத நிலையில் எந்தக் கலத்துக்கும் முன்னுரிமை இல்லை என்பதை முதலில் மனத்தில் நிறுத்துங்கள். 19-ஆவது விதி பாய்மரம், இயந்திரம் என்று பாகுபாடு காட்டுவதில்லை. வேகத்தைக் குறைத்து, இயந்திரத்தை உடனே இயங்கும் நிலையில் வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது ஒலி எழுப்ப வேண்டும்: பாயில் செல்பவர் ஒரு நெடிய ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும், இயந்திரத்தில் செல்பவர் ஒரு நெடிய ஒலி. ராடாரில் முன்பக்கம் தெரியும் கலத்துக்காக இடப்புறம் திரும்புவதைத் தவிர்க்க வேண்டும். தடத்துக்குள் இன்னும் நுழையவில்லை என்றால் கரையோர ஆழங்குறைந்த நீருக்குத் திரும்பி நங்கூரமிடுவது நல்லது. பெருங்கப்பல்களால் அங்கே வர முடியாது.

கேள்வி: தடத்தின் நடுவில் இயந்திரம் நின்றுவிட்டால் என்ன செய்வது?

பாய் இருந்தால் உடனே விரித்து, எது அருகில் இருக்கிறதோ அந்த விளிம்பை நோக்கிச் செல்லுங்கள். காற்றும் இல்லை என்றால் தாமதிக்காமல், 'பான் பான்' என்ற அவசர அறிவிப்புடன் உங்கள் இருப்பிடத்தையும் நிலையையும் 16-ஆம் சேனலில் சொல்லிவிடுங்கள். கண்காணிப்பு நிலையம் உங்களைத் தவிர்த்துச் செல்லும்படி கப்பல்களுக்குச் சொல்லும். கௌரவக் குறைவு என்று தயங்கி அரை மணி நேரம் இயந்திரத்தோடு போராடுபவர்களுக்குத்தான் ஆபத்து வருகிறது.

நீரிணையில் இயந்திரம் நிற்பது பெரும்பாலும் தற்செயல் அன்று. துறைமுகத்தில் அசையாமல் கிடந்த தொட்டியின் அடியில் படிந்திருக்கும் கசடு, அலையில் படகு ஆடத் தொடங்கியதும் கலங்கி மேலே வந்து டீசல் வடிகட்டியை அடைத்துவிடுகிறது. புறப்படுவதற்கு முன் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரோ கறுப்புத் துகளோ நிற்கிறதா என்று பாருங்கள். மாற்று வடிகட்டி கையில் இருப்பதோடு, அதை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, மீண்டும் இயந்திரத்தை ஓட்ட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று துறைமுகத்திலேயே ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இரு நாடுகளுக்கு இடையே செல்லும்போது என்னென்ன ஆவணங்கள் வேண்டும்? நீரிணை வழியாகச் செல்வதற்கே அனுமதி தேவையா?

படகின் பதிவுச் சான்று, காப்பீடு, செலுத்துபவரின் தகுதிச் சான்று, வானொலிக்கான உரிமம், உடன் வருபவர்களின் பட்டியல், கடவுச்சீட்டுகள், முந்தைய துறைமுகம் வழங்கிய புறப்பாட்டு அனுமதி ஆகியவை பொதுவாக எல்லா நாடுகளிலும் கேட்கப்படுகின்றன. புதிய நாட்டின் கடல் எல்லைக்குள் நுழைந்ததும் மஞ்சள் நிற 'கியூ' கொடியை ஏற்ற வேண்டும். கலத்தில் நோயில்லை, நுழைய அனுமதி வேண்டுகிறோம் என்பது அதன் பொருள். சுங்கமும் குடியேற்றமும் முடியும் வரை யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. முடிந்ததும் அதை இறக்கிவிட்டு அந்த நாட்டின் கொடியை மரியாதைக்காக வலப்புறம் ஏற்றுவது மரபு.

சர்வதேச நீரிணைகளில் தடையின்றிக் கடந்து செல்லும் உரிமையை 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை எல்லாக் கலங்களுக்கும் தருகிறது. உங்கள் படகுக்கும் அது உண்டு. ஆனால் அந்த உரிமை, நிற்காமல் விரைந்து கடப்பவருக்கானது. அழகான விரிகுடா ஒன்றைக் கண்டு நங்கூரம் போட்டீர்கள் என்றால், பேரிடர் போன்ற காரணம் இல்லாதவரை, அந்த நாட்டின் நுழைவு விதிகள் உங்கள் மீது பாயும். ஏற்கெனவே ஒரு நாட்டிலிருந்து விடைபெற்றுவிட்ட படகு அதே நாட்டின் கரையோரத்தில் இரவு தங்குவதும் சிக்கலைத் தரும். பயணத் திட்டத்திலேயே எங்கே தங்குவது என்பதை முடிவு செய்து, அனுமதியையும் அதற்கேற்பப் பெறுங்கள்.

கேள்வி: படகில் நானும் என் கணவரும் மட்டுமே. அவர் இரவு முழுவதும் விழித்திருந்து கடந்துவிடலாம் என்கிறார். எனக்கு அச்சமாக இருக்கிறது. நான் சொல்வது அவருக்குப் புரியும்படி ஏதாவது சொல்லுங்கள்.

உங்கள் அச்சத்துக்கு முழு நியாயம் இருக்கிறது. கண்ணாலும் காதாலும், கைவசமுள்ள எல்லா வழிகளாலும் எந்நேரமும் கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது 5-ஆவது விதி. அதற்கு விலக்கே இல்லை. இரவு முழுவதும் விழித்திருந்தவரின் கண் திறந்திருக்கும். ஆனால் திசைக்கோணம் மாறவில்லை என்பதை அவர் கவனிக்க மாட்டார், கவனித்தாலும் முடிவெடுக்கத் தாமதிப்பார்.

அவரிடம் இதைச் சொல்லுங்கள். தடத்தின் விளிம்பைக் காலை வெளிச்சத்தில் அடையும்படி புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். அதுவரை மூன்று மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறித் தூங்குங்கள். தடத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இருவரும் எழுந்து, உண்டு முடித்து, உயிர்காப்பு அங்கியையும் பிணைப்புக் கயிற்றையும் அணிந்து மேலே வந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் வரை ஒருவர் சுக்கானையும் கடலையும் பார்க்கட்டும். மற்றவர் திரையையும் வானொலியையும் பார்த்து, ஒவ்வொரு கப்பலின் பெயரையும் அது கடக்கப்போகும் தூரத்தையும் வாய்விட்டுச் சொல்லட்டும். முன்னால் கடப்பதானால் ஒரு கடல் மைலுக்குக் குறையாத இடைவெளி வேண்டும், குறைந்தால் பேச்சே இல்லாமல் பின்பக்கமாகத் திரும்ப வேண்டும் என்று கரையிலேயே இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள். திரும்பச் சொல்லும் உரிமை இருவருக்கும் சமமாக இருக்கட்டும். யாராவது ஒருவர் சொன்னால் மற்றவர் முதலில் திரும்பிவிட்டுப் பிறகு காரணம் கேட்கலாம். குறித்த நேரத்தில் காற்றோ வெளிச்சமோ ஒத்துவரவில்லை என்றால், கரையோர மண்டலத்திலேயே காத்திருந்து அடுத்த நாள் கடந்துகொள்ளுங்கள்.